குறைகளுக்கான கட்டம்

நீங்களும் மின்னஞ்சலை முழுதாகப் படிப்பவர் இல்லை என்று நினைக்கிறேன். அதில் தவறில்லை. யாரும் படிப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், மேலாக இரண்டு வரி மேய்வார்கள். எங்கள் தொழிலே அந்த இரண்டு வரியை நம்பித்தான் நடக்கிறது.

வீட்டுத் தரகர்களுக்கு நாங்கள் மென்பொருள் செய்து தருகிறோம். தரகர் வீட்டின் படங்களைப் போட்டு, விவரங்களைக் கட்டம் கட்டமாக நிரப்பினால் போதும். மென்பொருள் அதை அழகான மெயிலாக்கி, வீடு தேடுகிறவர்களுக்கு அனுப்பிவிடும். எந்தக் கட்டத்தில் எழுதியது மெயிலில் எங்கே வரவேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. சின்ன வேலைதான்.

கடைசிக் கட்டத்தின் பெயர் 'குறைகள்'. பெரும்பாலான தரகர்கள் அதில் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் மட்டும் பத்தி பத்தியாக எழுதுவார். மாடிப்படி மழையில் வழுக்கும். பக்கத்து வீட்டு நாய்க்கு என்ன துக்கமோ, விடிகாலையில் ஊளையிடும். பின்னறைச் சுவரில் ஈரம், வண்ணம் அடித்து மறைத்திருக்கிறார்கள், ஏமாற வேண்டாம். அலுவலகத்தில் அவருக்கு வெள்ளந்தி என்று பெயர் வைத்திருந்தோம். சாப்பாட்டு வேளையில் யாராவது அவர் எழுதியதை உரக்கப் படிப்பார்கள். சிரிப்போம்.

எங்கள் மேலாளரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, நம்ம மெயில் கல்யாண வீடு மாதிரி இருக்கணும். கடைசியில எதுக்கு ஒரு ஒப்பாரி?"

முதலில் தலைப்பைக் 'கவனத்திற்கு' என்று மாற்றினேன். மெயிலைப் பார்த்துத் தரகரைக் கூப்பிடுகிறவர்கள் கூடினார்கள். பிறகு 'கூடுதல் தகவல்' என்றேன். இன்னும் கூடினார்கள். எழுத்தைச் சிறிதாக்கினேன். சாம்பல் நிறமாக்கினேன். ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். கடைசியில் அந்தப் பகுதியை மெயிலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

"தரகருங்க பக்கத்துலயும் அந்தக் கட்டத்தை எடுத்துரட்டுமாக்கா?"

"ஐயையோ, வெள்ளந்தி சண்டைக்கு வந்துருவாரு. இருக்கட்டும், எழுதட்டும். மனுஷன்னா மனசுல இருக்கறத எங்கயாவது கொட்டணும்ல."

ஆகவே அவர்கள் எழுதலாம். யாருக்கும் போகாது. எழுதி முடித்ததும் பக்கத்தில் பச்சையாக ஒரு டிக் வரும். அது என் யோசனை. எழுதியவருக்கு ஒரு நிம்மதி வேண்டாமா? அந்த ஆண்டின் சிறந்த மாற்றம் என்று அதற்குப் பரிசு கொடுத்தார்கள். மேசையில் வைக்கிற கண்ணாடிக் கட்டை. காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது.

கல்யாணமானதும் வீடு தேடினோம். எங்கள் மெயிலிலேயே ஒன்று வந்தது. வெளிச்சமான கூடம், அமைதியான தெரு, வெந்நீர் வசதியுள்ள குளியலறை. என் மனைவி கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு குறைகூட இல்லாத வீடு உலகத்துல உண்டா?"

"எங்க மெயில்ல வந்தது. தைரியமா வாங்கலாம்."

"ஆமா, உங்க மெயிலாச்சே. பொண்ணு பார்க்க வந்தப்ப உங்களப் பத்திச் சொன்ன மாதிரியே இருக்கு."

அந்த வீட்டின் தரகர் வெள்ளந்தி. சாவி வாங்கும் அன்றுதான் அவரை நேரில் பார்த்தேன். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் தண்ணீர் பாட்டில்.

"குறையெல்லாம் ஒண்ணு விடாம எழுதிட்டேன் தம்பி. படிச்சிட்டீங்கல்ல?"

"படிச்சிட்டேன் அண்ணே."

அவர் எழுதியது மெயிலில் வந்திருக்காது என்று அப்போது உறைத்ததா என்று கேட்டால், உறைத்தது. ஆனால் மனைவி பக்கத்தில் நிற்கும்போது ஒரு தரகரிடம் போய், உங்கள் கட்டம் எங்கும் போகாது என்று எப்படிச் சொல்வது? அது நிறுவனத்தின் உள்விவகாரம். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு வேலை வந்துவிட்டது.

குளிர்காலம் வந்தது. அவளுக்குக் குளிர் தாங்காது. குளிக்கப் போகும்போது, ஜன்னலைச் சாத்திக்கொள் என்று நான்தான் சொன்னேன். குளிக்கும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள். பாட்டு நின்றது. சோப்புப் போடுகிறாள் என்று நினைத்தேன். நான் கூடத்தில் உட்கார்ந்து மெயிலின் தலைப்பெழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டிருந்தேன். நன்றாக வந்தது.

கேஸ் கீசரின் புகை வெளியே போகாமல் உள்ளேயே தங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வீடு திரும்பியபோது அவள் கைப்பேசியில் எங்கள் மெயில் ஒன்று வந்திருந்தது. புது வீட்டில் முதல் குளிர்காலம் இதமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தது. அதுவும் நான் செய்ததுதான். வீடு வாங்கிய எல்லோருக்கும் போகும்.

மறுநாள் அலுவலகம் போய், வெள்ளந்தி எழுதியதைத் தேடி எடுத்தேன். 'கீசரின் புகைக்குழாய் அடைத்திருக்கிறது. புதுக் குழாய் போடும்வரை ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் கேட்பதாக இல்லை.' தெளிவாக எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். பிறகு அழித்தேன். பழைய குறிப்புகளை அவ்வப்போது சுத்தம் செய்வது எங்கள் வழக்கம்.

புகார் கொடுத்தது என் மாமனார். "மாப்பிள்ளை, அந்தத் தரகனை விடக்கூடாது," என்றார். பெண்ணைப் பறிகொடுத்தவருக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. மென்பொருளின் சட்டையைப் பிடிக்க முடியுமா? நான் கையெழுத்துப் போட்டேன். மெயிலில் எச்சரிக்கை வந்ததா என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். வரவில்லை என்றேன். அது உண்மை. அவர் எழுதினாரா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வராந்தாவில் வெள்ளந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எழுதினேன் தம்பி. பச்சை டிக்கூட வந்துச்சு. ஊரே நம்பாட்டியும் பரவால்ல, நீங்க நம்புங்க."

"நம்புறேன் அண்ணே."

நம்பத்தான் செய்தேன். அவர் கொஞ்சம் தெம்பாக உள்ளே போனதாக எனக்குத் தோன்றியது.

இப்போது உங்கள் மேசையில் இருக்கிற படம் உண்மையானதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. அப்பா ஒற்றை விரலால் தட்டுகிற அழகைக் கேலி செய்வதற்காக அவர் மகள் எடுத்தது என்றீர்கள். திரையில் எழுத்தும் தெரிகிறது, டிக்கும் தெரிகிறது. அவர் எழுதினார். போகாமல் செய்தது நான். அழித்ததும் நான். அவரைச் சிறையிலிருந்து விட்டுவிடலாம்.

என் தற்போதைய முகவரி கேட்டீர்கள். விடுதியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். வழக்கு முடிந்ததும் கீசருக்குப் போலீஸ் வைத்திருந்த முத்திரையை எடுத்துவிட்டார்கள், வீட்டைப் போன வாரம் விற்றுவிட்டேன். எங்கள் மென்பொருள் வழியாகத்தான். வாங்கியவர்கள் கல்யாணமாகிச் சில மாதமே ஆனவர்கள். நேற்றுக் குடிவந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் குளிர் ஆகாது போல. வீடு பார்க்க வந்த அன்றே குளியலறை ஜன்னலைச் சாத்தினாள். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இல்லை, குழாய் மாற்றவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி நான் எதையும் மறைக்கவில்லை. நடந்தது நடந்தபடி, கீசர், ஜன்னல், என் மனைவி எல்லாவற்றையும் குறைகள் கட்டத்தில் ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறேன். பச்சை டிக் வந்தது.