துபாய்க்குப் போகும் பாத்திமா அக்கா

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். தாராசுரம் தாண்டி வயல்கள் தொடங்கியதும் மூத்தவர் சொன்னார்:

“இந்தத் தடவையும் ஃபிளைட்ல பெல்ட் போடாமத்தான் உக்காரப் போறேன், மேரி.”

எங்கள் வீட்டில் யாரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. முதலில் ஏறப்போவது நான்தான். அதனால் கவனமாகக் கேட்டேன்.

“என்ன பேச்சு இது, பாத்திமாக்கா! போன வருஷம் ஃபிளைட் குலுங்கி, தூக்கியடிச்சு, தோள்பட்டை உடைஞ்சது போதாதா?”

“அன்னைக்கு பாத்ரூம் போய்ட்டு வந்து பெல்ட் போட மறந்துட்டேன்.”

“இப்ப வேணும்னே மறக்கப் போறீங்களாக்கும்?”

“துபாய்ல இறங்கினதும் நேரா ஆஸ்பத்திரிதான். எம்பிள்ளை அன்வர் லீவு போட்டுட்டு ஓடி வந்தான். நான் ஊருக்குத் திரும்புற வரைக்கும் அவன்தான் சோறு ஊட்டினான், தலை வாரிவிட்டான். வகிட்டைக் கோணலா எடுத்துட்டு அவனே சிரிப்பான்.”

“அதுக்கு முந்தி போனப்ப?”

“விடியறதுக்குள்ள வேலைக்குப் போவான். நான் தூங்கினப்புறம் வருவான். அத்தனை மாடி ஒசரத்துல, பூட்டின வீட்டுக்குள்ள நானும் டிவியும்தான்.”

“அதுக்காக இன்னொரு தோளையும் உடைச்சுக்குவாங்களா? நாலு நாள் லீவு போட்டுட்டு என்கூட இருடான்னு வாயைத் திறந்து கேளுங்கக்கா. பெத்த பிள்ளைதானே!”

“நேத்து ஃபோன்ல கேட்டேன் மேரி. ‘இப்பதான் உனக்கு உடம்பு நல்லா இருக்கேம்மா, லீவு எதுக்கு’ன்னான்.”