குளத்தில் போட்ட பல்பு

அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் பெஞ்சில் ஒரு பண்ணையார் வீட்டு டிரைவரும் அவருடைய மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கார் லைட்டுப் பல்பைக் கொளத்துல போட்டுட்டேன் மாப்ள" என்றார் டிரைவர்.

"ஏன் மச்சான், மீனுக்கு வெளிச்சம் பத்தலையா?"

"அவிஞ்ச விளக்கு கல்யாண வீட்டுல இருக்கக் கூடாதுன்னு எசமானியம்மா சொன்னாங்க. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஒத்தை லைட்டோட கார் வந்தா ஒனக்கு வேலை இல்லைன்னுட்டாரு எசமான்."

"புதுசு வாங்கப் போனா கடைக்காரரு ஆறு வோல்ட்டா, பன்னெண்டான்னு கேப்பாரே?"

"அது பல்புலதான் எழுதியிருந்துச்சு. நெல்லிக்காய் அளவு இருக்கும்னு சொன்னா குடுக்க மாட்டாரா?"

"காய்கறிக் கடைக்கு வழி காட்டுவாரு. தப்பான பல்பை மாட்டுனா ஊர்வலம் கெளம்பயிலயே பட்டுனு போயிரும்."

டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு பக்கத்து லைட்டு எரியுதுல்ல?" என்று கேட்டார் மைத்துனர்.

"அது நல்லா எரியுது."

"அதுலயும் அதே பல்புதானே மச்சான் இருக்கு? அதைக் கழட்டிப் பாத்தீங்களா?"

டிரைவர் எழுந்து, "வண்டியை நிறுத்துங்க!" என்று கத்தினார். இறங்கி, வந்த வழியே ஓடினார்.

மைத்துனர் வெளியே தலையை நீட்டினார்.

"கழட்டுன பல்பை எசமானியம்மா கண்ணுல காட்டாதீங்க மச்சான்! அதையும் கொளத்துல போடச் சொல்லிருவாங்க!"