அதே பிளக்

— அந்த மூடியக் கீழ வைடா. நான் திருகு போடப் போறதில்ல.

— அக்கா, சாயங்காலம் அஞ்சுக்கு கொரியர் கம்பெனி வேன் வந்து நிக்கும். நாப்பது ஸ்கூட்டருக்கு நாப்பது பேட்டரி. மூடணும், ஏத்தணும். சிம்பிள்.

— உனக்கு எல்லாமே சிம்பிள்தான். கட்டறது நான், பேசி விக்கறது நீன்னுதானே இந்தப் பட்டறைய ஆரம்பிச்சோம்? கட்டினவ சொல்றேன், இது வெளிய போகாது.

— நீ கட்டினதுல குறை இருக்குன்னு யாரு சொன்னா?

— பேட்டரில குறை இல்ல. இந்த பிளக்ல இருக்கு. அவங்க பழைய பேட்டரில இருந்த அதே பிளக்கப் போட்டு வச்சிருக்க.

— வேணும்னுதான் போட்டேன். ஓட்டற பசங்க வீட்ல இருக்கற பழைய சார்ஜரையே சொருகிக்கலாம். அதைச் சொல்லித்தான் ஆர்டரே புடிச்சேன்.

— பழசு எல்எஃப்பிடா, இரும்பு செல்லு. பதினாறு செல் வரிசையா நிக்கும், ஐம்பத்தெட்டு வோல்ட் வரைக்கும் தாங்கும். இது என்எம்சி, நிக்கல் செல்லு. பதிமூணே செல். ஐம்பத்தி நாலரைலயே வயிறு நிறைஞ்சிடும். பழைய சார்ஜர் அதுக்கு மேலயும் ஊட்டிக்கிட்டே இருக்கும்.

— ரெண்டு மேலயும் நாப்பத்தெட்டு வோல்ட்னுதானே ஒட்டியிருக்கு?

— அதான் ஆபத்தே. ஸ்டிக்கர் ஒண்ணு, பிளக் ஒண்ணு, உள்ள சரக்கு மட்டும் வேற.

— அப்ப பேசாம எல்எஃப்பியே கட்டியிருக்கலாமே. நிக்கலுக்கு நீயும்தானே தலையாட்டின?

— ஆட்டினேன். பாவம், பேட்டரியத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுற பசங்க. எடை கம்மி, ஒரு சார்ஜுக்குக் கூடுதலா ஓடும். நிக்கல் மேல எனக்குக் கோவம் இல்லடா. அதுக்கான சார்ஜரைக் கொடு, பழசு நுழையாத மாதிரி பிளக்க மாத்துன்னுதான் சொல்றேன். எல்எஃப்பி நம்ம தப்பக் கொஞ்சம் பொறுத்துக்கும். இது பொறுக்காது. சூடேறினா பத்திக்கும், அதுவும் அவங்க படுத்திருக்கற ரூம்ல.

— உள்ள போர்டு இருக்கேக்கா. வோல்ட் மீறினா அதுவே கட் பண்ணிடும். போர்டு பாத்துக்கும்.

— போர்டு கடைசிக் காவல். வாசக்கதவத் தெறந்து போட்டுட்டு, உள்ள காவக்காரன் இருக்கான்னு தூங்குவியா? என்னைக்காவது போர்டு போச்சுன்னா?

— போகாது. உனக்கு முடியலன்னா சொல்லு, பக்கத்துப் பட்டறை வெல்டர் வந்து மூடிட்டுப் போறாரு.

— மூடட்டுமே. மூடிக்கு உள்பக்கம் என் கையெழுத்து இருக்காது. அது இல்லாத பேட்டரிய கொரியர்காரங்க வாங்க மாட்டாங்க. அதுவும் நீ பேசிட்டு வந்ததுதான்.

— உன் கையெழுத்து எனக்குப் போடத் தெரியாதாக்கா?

— ஓ. அந்த அளவுக்கு வந்துட்டியா நீ.

— என்னை அங்க கொண்டு வந்து விட்டது நீதான்.

— சரி, ஒண்ணு கேக்கறேன். பிரேக் பாக்கணும்னு நேத்து உன் ஸ்கூட்டர இங்க விட்ட. உன் பொண்டாட்டி காலைல எடுத்துட்டுப் போனா. பேட்டரி லேசா இருக்குன்னு ஏதாவது சொன்னாளா?

— இல்லையே. ஏன்?

— உன் பழைய எல்எஃப்பியக் கழட்டிட்டு இதுல ஒண்ணப் போட்டு அனுப்பினேன். நாப்பத்தி ஒண்ணு கட்டினேன்ல.

— விளையாடாதக்கா.

— மதியம் அவ எப்பவும் சார்ஜ் போடுவா. ஹால்ல, தொட்டிலுக்குப் பக்கத்துல. அதே பழைய சார்ஜர், அதே பிளக். போர்டு பாத்துக்கும், விடு.

— இரு, இரு... ஹலோ, நான்தான். ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ்ல இருக்கா? சுவிட்ச ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா? பிளக்கையும் உருவு. காரணமெல்லாம் அப்புறம் சொல்றேன், பாப்பாவத் தூக்கிட்டு முதல்ல வெளிய போ.

— ஏன்டா இவ்ளோ பதட்டம்? உள்ள போர்டு இருக்கே.

— நீயெல்லாம் ஒரு அத்தையா? என் புள்ள தூங்கற இடம்க்கா அது.

— உன் வண்டில உன் பழைய எல்எஃப்பிதான்டா இருக்கு, நான் தொடவே இல்ல. இந்தா கட்டர், நாப்பது பிளக்கையும் உன் கையாலயே வெட்டு.