கறிமீன்

சால்மன் குழம்புக்குப் பழப்புளி கொஞ்சம் கூடப் போட வேண்டும், சேர். இல்லாவிட்டால் வெடுக்கு மணம் போகாது. உங்களுக்கு மொழிபெயர்க்கிற தங்கச்சிக்கு இது தெரியும்.

நானும் இந்திரகுமாரும் மயிலிட்டிக்காரர், மீன்பிடிக்கிற ஊர். இங்கே நோபல் பார்க்கில் அடுத்தடுத்த தெருவில் இருந்தோம். வேலையில்லாத நாட்களில் ஆற்று வாயில் சேர்ந்து தூண்டில் போடுவோம். இரண்டாயிரத்தில் நான் வந்தபோது அங்கே சால்மன் கூட்டம் கூட்டமாக ஏறும். பிறகு அந்தக் கடல்சிங்கம் வந்தது. நாங்கள் இழுக்கிற மீனைக் கரைக்கு வரமுதலே தின்றுவிட்டுத் தலையை மட்டும் விட்டுவைக்கும், சனியன். வருஷா வருஷம் மீன் குறைந்தது.

"அதுக்கும் வயிறு இருக்குத்தானே, விடு மச்சான்" என்று இந்திரகுமார் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது ஒருவர் மீனுக்காக யோசிக்க வேண்டும்.

ஆகவே ஒரு சால்மனுக்குள் மருந்து வைத்தேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. அதை வாளியில் மற்ற மீன்களுக்கு மேலே வைத்துவிட்டு, காரில் கயிறு எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது இந்திரகுமார் வீட்டுக்குப் போய்விட்டான். அந்த மீனும் இல்லை.

எங்கள் கரையில் கூட நின்று உழைத்தவன் போகும்போது, தன் வீட்டுக் கறிக்கு ஒரு மீனை, கறிமீனை, தானே எடுத்துக்கொண்டு போவான். கேட்கமாட்டான். கேட்டால்தான் மரியாதைக் குறைவு. இதை எப்படி மறந்தாய் என்று கேட்பீர்கள். மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து உடனே அவனுக்குப் போன் எடுத்தேன். நான்தான் எடுத்தேன், அதை வாக்குமூலத்தில் எழுதுங்கள். அவன் மனைவி சந்திரவதனா பேசினாள்.

"ஓம் அண்ணை, அவர் மீன் கொண்டு வந்தவர். இப்பதான் குழம்பு இறக்கினனான். பிள்ளையள் ரெண்டும் சோத்துக் கோப்பையோடை நிக்குதுகள். நீங்களும் வாங்கோவன்."

ஐயோ, எனக்கு அப்படி ஒரு பயம். அந்த விலங்கைக் கொல்வது இங்கே குற்றம்; அதற்கு வைத்த நஞ்சு என்று சொன்னால் வழக்கு. வழக்கு வந்தால் என் தற்காலிக விசா போகும். விசா போனால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே ஆமி முகாமில் எனக்கு என்ன செய்தார்கள் என்பது முதுகில் இருக்கிறது, சேர். சட்டையைக் கழற்றிக் காட்டுகிறேன்.

"இல்லைத் தங்கச்சி, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றேன்.

பிறகு போன் அடித்தது. விட்டுவிட்டு அடித்தது. நான் எடுக்கவில்லை.

செத்த வீட்டில் நாலு பெட்டிகளையும் தூக்க நின்றேன். கடைசிப் பெட்டிக்கு ஒரு ஆளே போதும். என்றாலும் முறைக்கு நானும் ஒரு பக்கம் பிடித்தேன். ஆட்கள் என்னைத்தான் தேற்றினார்கள்.

நீங்கள் திரும்பத் திரும்ப அந்தக் குடும்பத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். நான் அவர்களுக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. என் பயம் அந்த விலங்கைப் பற்றியது. அது இன்னும் ஆற்று வாயில்தான் திரிகிறதாம். நேற்றும் கண்டவர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் என் விசாவுக்கு ஒன்றும் வராதுதானே, சேர்?