ஓடாத காரில் கறுப்புப் புகை

— கறுப்பாத்தான் வருது மிஸ். நீலமா வந்தா ஒயில் எரியுதுன்னு சொல்வேன். வெள்ளையா வந்து நிக்காட்டி தண்ணி உள்ள போகுது. இது அப்படியில்ல, பெட்ரோல் எரியாமலே வெளிய வருது.

— எனக்கு அந்த விளக்கமெல்லாம் வேண்டாம் சாலிஹ் தம்பி. நாளைக்குக் காலமை ஸ்ரார்ட் வந்தாக் காணும்.

— வரும், வரும். கோவிக்காம இந்த பிளக்கப் பாருங்க. நாலும் கரியாப் போயிருக்கு. இதுல எங்க பொறி அடிக்கிறது? போன தடவ நான்தானே புதுசு போட்டுத் தந்தேன்.

— நீங்கள் போட்டது நல்ல சாமானோ?

— சாமான்ல பிழையில்ல மிஸ். ஒண்ணு கேக்கிறேன், கோவிக்காதீங்க. இந்தக் கார் எங்க ஓடுது?

— ஏன், ஒவ்வொரு நாளும் காலமை மாத்தளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருது.

— மீட்டர் அப்படிச் சொல்லல்லியே. இன்னைக்குக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்த தூரம்தான் கூடி ஈக்குது. டயர் நாலும் நின்ன இடத்துலயே நின்னு ஒரு பக்கம் தட்டையாப் போச்சு. நின்ன இடத்துலயே ஸ்டார்ட் பண்ணி, நின்ன இடத்துலயே நிப்பாட்டினா இப்படித்தான் கரி புடிக்கும்.

— மெல்லமாக் கதையுங்கோ. அவர் பின் சீற்றில இருக்கிறார்.

— சேரா? நான் கவனிக்கல்ல. சேர், சுகமா ஈக்கிறீங்களா?

— தங்கேஸ், பிள்ளை வெளிக்கிட்டிட்டாளோ? மணி அடிக்கப் போகுது.

— வெளிக்கிட்டிட்டாள். சப்பாத்துப் போடுறாள். நீங்கள் சாய்ஞ்சு இருங்கோ.

— மிஸ், இங்கிட்டு வாங்க. சேர் யாரக் கேக்கிறாரு?

— எங்கட மகள் வினோஜாவைத்தான்.

— யா அல்லாஹ். அந்தப் புள்ளட செத்த வீட்டுக்கு நானும் வந்தேனே. டெங்குன்னு சொன்னாங்க.

— அவருக்கு அது நினைவில இல்லைத் தம்பி. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பினவுடன, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாச்சோ எண்டு கேப்பார். ஒரு நாளைக்குச் சொல்லுவம் எண்டு கிட்டப் போனன். வாய் வரேல்லை. அவரை ரெண்டாந்தரம் அழவைக்க என்னால ஏலாது.

— அதுக்காக காரை ஸ்டார்ட் பண்றீங்க.

— சீலையை மாத்திக்கொண்டு வந்து, காரை ஸ்ரார்ட் பண்ணி உள்ளுக்கு இருப்பன். போய்வாற நேரம் கழிய நிப்பாட்டிப்போட்டு, விட்டிட்டு வந்திட்டன் எண்டு சொல்லுவன். அதுக்குப் பிறகுதான் அவர் தேத்தண்ணி குடிப்பார்.

— நிசமாவே ஓட்டிட்டு வரலாமே.

— அந்தப் பள்ளிக்கூட றோட்டில எனக்கு ஓட ஏலாது. ஒருக்கா கேற்றடி வரைக்கும் வந்திட்டுப் பின்னுக்கு எடுத்துப்போட்டன்.

— கார் நிக்கிற ஷெட்டுக்குக் கதவு ஈக்குதா?

— இருக்கு. சாத்திப்போட்டுத்தான் ஸ்ரார்ட் பண்ணுவன்.

— சாத்திப்போட்டா? என்னத்துக்கு மிஸ்?

— திறந்து வைச்சா றோட்டில போற சனம் பாக்கும். எங்கயும் போகாத காரை இவள் ஏன் உறுமவிட்டுக்கொண்டு இருக்கிறாள் எண்டு கதைக்கும்.

— தல சுத்தல்லியா உங்களுக்கு?

— சுத்தும். வயித்தைப் பிரட்டிக்கொண்டு சத்தியும் வரும். கொஞ்ச நேரம் படுத்தாச் சரியாப் போயிடும்.

— மிஸ், அது தலச்சுத்து இல்ல, மவுத்து. அடைச்ச இடத்துல இந்தப் புகையோட இருந்தா நித்திர வரும், பொறகு எழும்ப மாட்டீங்க. நான் பிளக் மாத்திக் குடுத்து, நீங்க அதுக்குள்ள போய்க் குந்தி ஒண்ணு நடந்தா, நான்தானே கொன்ன மாதிரி. இந்தக் காரை நான் செஞ்சு தர மாட்டேன்.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ. ரெண்டு நாளா ஸ்ரார்ட் வரேல்லை. ரெண்டு நாளும் விடியத் தொட்டு, கார் ஏன் இன்னும் வெளிக்கிடேல்லை, பிள்ளை பிந்தப் போறாள் எண்டு ஒரே கரைச்சல். நாளைக்கு, பிள்ளையை இஞ்ச கூட்டிக்கொண்டு வா பாப்பம் எண்டு கேட்டா நான் எங்க தம்பி போறது?

— எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளைங்க.

— அவருக்குக் குளிசை விழுங்கக் குடுக்கிற நேரமாகுது. முன் கடையில ஒரு தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு வாறன். அவர் இறங்கி எங்கயாவது நடந்திடுவார், ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ.

— நான் நிக்கிறேன், போய்ட்டு வாங்க. ... சேர், கண்ணாடிய இன்னும் இறக்கி விடட்டுமா? வெக்கையா ஈக்கும்.

— அவள் கடைப்பக்கம் திரும்பிட்டாளோ சாலிஹ்?

— ஓ சேர். ... சேருக்கு என்ட பேரு ஞாபகமா?

— இந்தக் காரை வாங்கின நாள் தொட்டு உம்மட்டத்தானே திருத்தக் குடுக்கிறன். வேற என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது? நீர் கதைச்சதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தன். அவள் கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

— அப்ப சேருக்கு... புள்ளட விசயமும்...

— கொள்ளி வைச்சது நான். அது மறக்குமோ?

— பொறகு என்னத்துக்கு சேர் மிஸ்ஸ இப்படி வதைக்கிறீங்க?

— பிள்ளை போன பிறகு அவள் கட்டிலை விட்டு எழும்பேல்லை. சாப்பாடில்லை, தலைவாரி இழுக்கேல்லை, சுவரைப் பாத்தபடி கிடந்தாள். கந்தோர் வேலைக்கும் போகேல்லை. அவளின்ர தமக்கை வந்து கத்தினாள், டொக்டர் வந்து பாத்தார், ஒண்டும் சரிவரேல்லை. இவளையும் சாகக் குடுக்கப் போறன் எண்டுதான் நினைச்சன். ஒரு நாள் விடிய, நித்திரைக் கலக்கத்தில, பிள்ளையைக் கொண்டுபோய் விடேல்லையோ எண்டு வாய் தவறிக் கேட்டிட்டன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைச்சுது. அவள் திரும்பி என்னைக் கனநேரம் பாத்தாள். இந்த மனிசனுக்கு மூளை கலங்கிப்போச்சு எண்டு நினைச்சிருப்பாள். பிறகு எழும்பினாள் சாலிஹ். முகத்தைக் கழுவி, சீலையை உடுத்துக்கொண்டு, கார்த் திறப்பை எடுத்தாள். நீர் காரைச் செய்து தாரும். நாளையில இருந்து, பிள்ளை பின்னுக்கு இருக்கிறாள் எண்ட பாவனையில நானும் முன் சீற்றில ஏறி இருக்கிறன். இறங்க மாட்டன் எண்டு அடம் பிடிச்சா அவள் றோட்டில எடுக்கத்தானே வேணும்.

— வேணாம் சேர். இன்னைக்கே உண்மையச் சொல்லிருங்க. சேருக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா, மிஸ்ஸுக்கு எவ்வளவு ஆறுதலா ஈக்கும்.

— சொல்லலாம். சொன்னா, நாளைக்கு விடிய அவள் ஆருக்காக எழும்புறது?