காற்றைச் சோதித்தீர்களா என்று கேட்டவர்

அவைத்தலைவர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே! என் அத்தையோடு ஆம்புலன்சில் ஓடி ஓடி உழைத்த அண்ணன்மார்களே, அக்காமார்களே! ஆலைத் தொழிலாளர்களே! முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் என் அப்பா அவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் அத்தையின் இந்த நினைவுக் கூட்டத்தில் குடும்பத்தின் சார்பில் நான் வாசிக்க வேண்டிய நன்றியுரையை ஆலை அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். நான் அதை வாசிக்கப் போவதில்லை. இது நானே எழுதியது. போர்வைக்குள் உட்கார்ந்து, அப்பா இருமும்போதெல்லாம் டார்ச்சை அணைத்து அணைத்து எழுதியது. என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் மைக்கை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு பயம்? நாளை மறுநாள் திங்கட்கிழமை. அத்தை இறந்த கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறக்குகிறார்கள். இறங்கப் போவது, இந்த ஆலையில் வேலை பார்க்கும் என் அப்பா. அதற்கு முன் என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவசர மருத்துவ உதவியாளராக இந்த ஊரின் தெருக்களில் எல்லாம் ஓடிய என் அத்தையை நீங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நில்லுக்கா" என்றுதான் கூப்பிட்டீர்கள். ஆம்புலன்ஸ் நின்றதும் எல்லோரும் ஓடுவார்கள். அத்தை நிற்பார். மேலே என்ன தொங்குகிறது, கீழே என்ன கொட்டிக் கிடக்கிறது, என்ன வாடை வருகிறது என்று பார்ப்பார். "நில்லு, மொதல்ல பாரு. நாமளும் விழுந்துட்டா நம்மள தூக்க இன்னொரு வண்டி வரணும்" என்பார்.

கடைவீதித் தையல்காரர் ஒருநாள் கடை வாசலில் விழுந்து கிடந்தார். வேர்வையில் நனைந்திருந்தார், வாய் குழறியது. சுற்றி ஒரே கூட்டம்.

"குடிச்சிருக்கான், விடுங்க மேடம். தெளிஞ்சா தானா எந்திரிச்சுப் போவான்."

"ஏன்யா, குடிச்சவனுக்கு வேற நோவு வரக்கூடாதுன்னு சட்டமா? தள்ளி நில்லு, காத்து வரட்டும்!"

அத்தை மூச்சைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் தையல்காரர் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, "கடையப் பூட்டினீங்களா?" அவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று அத்தை இல்லையென்றால் அவர் ஏது?

இன்னொரு வீட்டைச் சொல்கிறேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் வயர் அறுந்து, ஈரத் தரையில் ஒரு சிறுமி மூச்சில்லாமல் கிடந்தாள். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். "மெயினை அணைங்க! மெயினை அணைங்க!" என்று கத்தினார். அந்தச் சிறுமியின் அம்மா அத்தையின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "எம்புள்ள சாகுதுடி! நிக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா?" அத்தை ஒரு அடி நகரவில்லை. விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே பாய்ந்தார். நெஞ்சை அழுத்தி, மூச்சைக் கொடுத்து, மறுபடி அழுத்தி, அந்தப் பிஞ்சு இருமும்வரை விடவில்லை. அந்தச் சிறுமி இப்போது என் பள்ளியில் படிக்கிறாள். அவள் அம்மாவும் இங்கே வந்திருக்கிறார். அம்மா, நீங்கள் சொல்லுங்கள். என் அத்தை யோசிக்காமல் குதிக்கிறவரா?

வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தும்மக்கூட முடியாது. அப்பா தும்மினால், "டேய், இங்க வா, நாக்க நீட்டு" என்பார். "அக்கா, எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு, டேய்னு கூப்பிடாத" என்பார் அப்பா. நான் ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறேன் என்பதை இந்த அவையில் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்டவரைப் பற்றி அந்த நன்றியுரையில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "கடமை ஆர்வத்தில் பாதுகாப்பு விதியை மறந்து தொட்டியில் இறங்கி உயிர் நீத்தார்" என்று!

மறந்தாரா? என் அத்தையா?

அன்று நடந்ததை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மாமா, உங்களைக் கேட்காமல் சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

ஆலையிலிருந்து அழைத்தபோது, "வெயில்ல ஒருத்தர் மயங்கிட்டார்" என்றுதான் சொன்னார்கள். தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு தொழிலாளி கிடந்தார். அத்தை அவருடைய தாடையை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்தார். அவருக்கு நினைவு வந்தது. "கீழ... என் மச்சான்..." என்றார்.

அத்தை தொட்டியின் விளிம்பில் நின்றார். ஆம், அன்றும் நின்றார்!

"உள்ள காத்தைச் சோதிச்சீங்களா?" என்று மேற்பார்வையாளரைக் கேட்டார்.

"காலையிலயே பாத்தாச்சு மேடம். ஒண்ணும் இல்ல. அவன் வழுக்கி விழுந்திருப்பான்."

"கருவி வச்சுப் பாத்தீங்களா?"

"அட, பாத்தாச்சுங்கிறேன்ல! நீங்க பேசிக்கிட்டே இருந்தா அவன் செத்துருவான்."

அத்தை அந்த வார்த்தையை நம்பினார். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கீழே கிடந்தவரைத் தூக்க வேறு கயிறு இல்லை. தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவருக்குக் கட்டி, "இழுங்க!" என்றார். அவர் மேலே வந்தார். இன்று உயிரோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கயிறு மறுபடி கீழே போனது. பிடிக்கக் கை வரவில்லை.

முகமூடி கிடைக்குமா என்று ஓட்டுநர் மாமா ஆலை அலுவலகத்துக்கு ஓடினார். அலமாரியில், விஷவாயு இருக்கிறதா என்று காற்றைச் சோதிக்கும் கருவி இருந்தது. அதன் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.

என் அத்தை விதியை மறக்கவில்லை. கேட்டார். இரண்டு முறை கேட்டார். அவருக்குப் பொய் சொன்னார்கள்.

அப்பாவிடம், "நீங்க இறங்க மாட்டேன்னு சொல்லுங்கப்பா" என்று கெஞ்சினேன். "நான் போகலேன்னா வேற ஒருத்தன் போவான்மா. எனக்கு வேலை போகும். இத வெளிய பேசாத" என்றார். அப்பா, பேசிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் என்னை அடித்தாலும் பரவாயில்லை. அடிக்க நீங்கள் இருக்க வேண்டும்.

அத்தையின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது, ஊசி போடத் தெரியாது. கேட்கத் தெரியும்.

மேலாளர் அவர்களே! அந்த இரண்டாவது தொட்டியில் காற்றைச் சோதித்தீர்களா? கருவி வைத்துப் பார்த்தீர்களா? யார் பார்த்தார்கள்? இத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். ஆலை அண்ணன்மார்களே, பதில் வரும்வரை நீங்களும் இறங்காதீர்கள். ஒருவர் மறுத்தால் வேலை போகும். எல்லோரும் மறுத்தால் யாரை அனுப்புவார்கள்?

அடுத்து, அத்தைக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருக்கிறது. ஐயா, முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள். அதன் பிறகு நாங்கள் மௌனமாக இருக்கிறோம்.