இலையில் வைத்த எலிமருந்து

எங்கள் வாய்க்கும் வேகத்துக்கும் கடிவாளம் பிடித்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் சாமிக்கண்ணு ஐயா அவர்களே, நாற்பத்தாறு பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த தலைமையாசிரியை நளினி அவர்களே, செம்பனைக் காட்டில் வியர்வை சிந்தினாலும், செலண்டார் பட்டணத்தில் குடியேறினாலும், பிள்ளையை இந்தத் தமிழ்ப்பள்ளிக்குத்தான் அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மோட்டார் சைக்கிள் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நெளியும் தம்பிமார்களே, உங்கள் எல்லாருக்கும் இந்தக் காந்தனின் வணக்கம்.

இன்று இந்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் முன் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. ஒன்று, பள்ளித் துப்புரவுப் பணியாளர் மங்களம் அக்காவை வேலையிலிருந்து நீக்குவது. மற்றொன்று, எலி, கரப்பான், கொசு இவற்றைப் பள்ளியில் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுப்பது. துணைத்தலைவன் என்ற முறையில் இரண்டாவதை விளக்கத்தான் என்னை அழைத்தீர்கள். விளக்குகிறேன். ஆனால் முதல் தீர்மானத்தைத் தொடாமல் நான் இறங்கப் போவதில்லை.

என்ன தினேஸ்வரன், "அண்ணே, சுருக்கமா பேசுங்கலா" என்கிறாயா? இன்றைக்குச் சுருக்கமாகப் பேசினால் நான் தப்பித்துவிடுவேன் தம்பி. கொஞ்சம் பொறு.

பன்னிரண்டு நாளுக்கு முன் நம் பள்ளியில் சரஸ்வதி பூசை. நூல்நிலைய அறையில் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினோம். பொரி வைத்தோம், கடலை வைத்தோம், கரும்பு வைத்தோம், கற்கண்டு வைத்தோம். மறுநாள் காலை பூசை முடியும்வரை புத்தகத்தைத் தொடக்கூடாது, அறையைக் கூட்டக்கூடாது என்று கதவைப் பூட்டினோம். பக்தி நமக்கு. பந்தி யாருக்கு? கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியே உள்ளே வந்த எலிகளுக்கு.

மறுநாள் காலை என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். முதலாம் ஆண்டில் படிக்கும் தாரணி, சாந்தியின் மகள், ஏழு வயதுப் பிள்ளை, பூசைப் புத்தகங்களின் ஓரத்தில் இருந்த வாழை இலைத் துண்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டது. பல்லெல்லாம் இளஞ்சிவப்பு. டீச்சர் ஓடிவந்து, "என்னம்மா தின்ன?" என்று கேட்டார். பிள்ளை சொன்னது, "சாமி பிரசாதம் டீச்சர். கசக்குது."

அது எலிமருந்து.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னார், இந்த மருந்து இரத்தத்தை உறையவிடாது, இன்றைக்கு நன்றாக இருக்கும் பிள்ளைக்கு மூன்றாம் நாள் இரத்தம் கசியலாம் என்று. மூன்று நாள், நான்கு நாள், ஐந்து நாள். பிள்ளை பல் துலக்கும்போதெல்லாம் சாந்தி எச்சிலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்றைய பரிசோதனையில் இரத்தம் சீராக இருக்கிறதாம். ஆனாலும் டாக்டர் கொடுத்த மாற்று மருந்தை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து இந்தத் தோட்டத்தில் ஒரே கேள்வி. அறைச் சாவி யாரிடம் இருந்தது? மங்களத்திடம். எலிப்பொறி வைக்கிறவள் யார்? மங்களம். அப்படியானால் மருந்து வைத்தது யார்? கேட்டவரும் நாமே, தீர்ப்புச் சொன்னவரும் நாமே. அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? நீங்கள் கேட்டீர்களா? நான் கேட்டேனா?

நான் எப்படிக் கேட்பேன்? மருந்தை வைத்தவனே நான்தானே.

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். ஐயா, மைக்கை அணைக்க வேண்டாம், முழுதும் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

முப்பது வருடமாகச் செம்பனை மரத்தடியில் ஆட்களை ஏவி எலிமருந்து வைப்பித்த மண்டோர் நான், தோட்டத்துக் கங்காணி. மரத்துக்கு ஒரு கட்டி, மறுவாரம் இன்னொரு கட்டி. எனக்குத் தெரியாத எலியா என்ற மமதை. புத்தகம் அடுக்கிய அன்று மாலை தோட்டத்து ஸ்டோரிலிருந்து யாரையும் கேட்காமல் நான்கு கட்டி எடுத்துவந்தேன். "அக்கா, சாவிய குடுங்க, பொரியப் பாத்துட்டு வரேன்" என்றேன். அக்கா கொடுத்தார். சாமி அறையில் விஷத்தை வெறும் தரையில் வைப்பதா என்று மனம் ஒப்பவில்லை. சுத்தம் பார்த்தேன். வாழை இலையைக் கிழித்து, அதன்மேல் வைத்தேன். இலையில் வைத்துச் சாமிக்கு முன்னால் இருந்தால் நம் வீட்டுப் பிள்ளை அதை என்னவென்று நினைக்கும்? அதை யோசிக்காத முட்டாள் நான்.

காலை ஆறு மணிக்கே வந்து எடுத்துவிடலாம் என்றிருந்தேன். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் ஆள் குறைவு, தோட்டத்தில் மாட்டிக்கொண்டேன். வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பள்ளி வாசலில் சாந்தியின் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது.

பயந்தேன். வேலை போகும் என்று பயந்தேன். போலீஸ் வரும் என்று பயந்தேன். இந்த மேடையும் என் தோளில் கிடக்கும் இந்தத் துண்டும் போய்விடும் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று மாலை இந்த மண்டபத்து வாசலில் மங்களம் அக்காவைப் பார்த்தேன். "ஏன்கா, என் பேர சொல்லல?" என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நீயே சொல்லுவேன்னு இருந்தேன் தம்பி. பன்னெண்டு நாளா இருக்கேன்லா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார். தன்னை நீக்கப் போகும் கூட்டத்துக்கு அவரே நாற்காலி போட்டார் ஐயா.

என்ன தம்பி தினேஸ்வரன்? "மாசாமாசம் ஆள கூப்பிட்டு மருந்து அடிச்சிட்டா முடிஞ்சிச்சிலா" என்கிறாயா? நானும் அப்படி நினைத்தவன்தான். அடித்த மறுமாதம் எலி திரும்ப வரும். விஷம் மட்டும் பிள்ளையின் மேசையிலேயே தங்கும். எலி ஏன் வருகிறது என்று என்றைக்காவது கேட்டோமா? சிற்றுண்டிச்சாலைக் குப்பைத்தொட்டிக்கு மூடி உண்டா? கழிப்பறைக்குப் பின்னால் உடைந்த மேசைகளை மலைபோல் குவித்தது யார்? கதவின் அடியில் ஒரு தகடு அடிக்க நம்மில் ஒரு தச்சன் இல்லையா?

முதலில் பார். பார்த்ததை எழுது. எழுதிய ஓட்டையை அடை. அடைத்தும் வந்தால் பொறி வைத்துப் பிடி. மருந்து கடைசி, கடைசியிலும் கடைசி. அதுவும் உரிமம் உள்ளவர் கையால், பூட்டிய பெட்டிக்குள், பிள்ளைகள் இல்லாத விடுமுறையில், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே கடிதம் போன பிறகு. அடுத்த பூசையில் பொரியும் கடலையும் மூடிபோட்ட டப்பாவில் இருக்கட்டும். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். எந்தச் சந்தில் எலி நுழைகிறது, எந்தச் சாக்கடையில் தண்ணீர் தேங்குகிறது என்று இந்தப் பள்ளியில் அறிந்த ஒரே ஆள் மங்களம் அக்கா. அவர் பெயரை முன்மொழிகிறேன்.

சாந்தி, தங்கச்சி, நீ எழுந்து நிற்பது தெரிகிறது. மன்னிப்புக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். நாளைக் காலை தோட்ட மேனேஜரிடம் சொல்கிறேன், பிறகு போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். நீயும் வருவதானால் வா. ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அவைத்தலைவர் ஐயா அவர்களே, முதல் தீர்மானம் உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் மங்களம் என்ற பெயரை அடித்துவிட்டு, துணைத்தலைவர் காந்தன் என்று எழுதுங்கள். எழுதிவிட்டீர்களா? இனி வாக்குக்கு விடுங்கள். நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

இதோ, முதல் கை என்னுடையது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பன்னிரண்டு நாள் பொறுத்த மங்களம் அக்காவுக்குத் தலை தாழ்ந்த வணக்கம்.